பாதுகாக்கப்பட்ட கடற்கரைக்குப் போகும் முன்

கிளம்புவதற்கு முன் அன்றைய ஓத நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் மேலேறும். பாறை முனையைச் சுற்றி நடந்து போனவர்களுக்குத் திரும்பும் வழியே மூழ்கிவிடுவது உண்டு. அதனால் நீர் வடியும்போதே போய், ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள்.

அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிறதா? அங்கே இறங்கவே வேண்டாம், உள்ளிழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள்.

பாறைக் குழியில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன உயிர்கள் வெயிலில் காய்ந்துபோகும். காலியாகத் தெரியும் சங்குக்குள் துறவி நண்டு சுருண்டிருக்கலாம், எடுக்காதீர்கள். கயிறு கட்டிய மணல்பகுதிக்குள் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். கரைப்பறவைகள் பல வெறும் மணலில்தான் முட்டையிடும், அந்த முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும். இரவில் டார்ச் அடிக்க வேண்டாம். ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பிக் கடலுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்துவிடும்.