வருமானம் இல்லாத மாணவருக்கு முதல் கிரெடிட் கார்டு
சம்பளச் சீட்டு கேட்கும் கார்டுகளுக்கு வரிசையாக விண்ணப்பிக்காதீர்கள். கிடைப்பது கஷ்டம், ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் வேறு பதிவாகும். சுலபமான வழி எஃப்டி கார்டு. 18 வயது முடிந்து பான், ஆதார் இருந்தால், கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் (எஃப்டி) போட்டு, அதன் பேரில் கார்டு கேளுங்கள். டெபாசிட்டில் பெரும்பகுதியை லிமிட்டாகத் தருவார்கள், வட்டியும் அது பாட்டுக்கு ஏறும், ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மொபைல் ரீசார்ஜ் மாதிரி சின்னச் செலவுக்கு மட்டும் தேய்த்து, பில்லில் ‘மினிமம் டியூ’ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று ஆசை காட்டும் தொகையைக் கண்டுகொள்ளாமல் முழுதாகக் கட்டுங்கள். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. ஏடிஎம்மில் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.