மனையியல் ஆசிரியர் ஆவதற்கான பயிற்சி

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் கற்பிக்க விரும்புவோர், இளநிலையிலும் முதுநிலையிலும் மனையியலையே படித்து, அதன்பின் இரண்டாண்டு பி.எட். முடிக்க வேண்டும். கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக, இத்துறையில் முன்னணியில் உள்ளது. சமையல் படிப்பு என்று பலர் இதைச் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தமே. ஊட்டச்சத்து, துணியியல், குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, கற்றதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கக் கல்வி ஆகிய ஐந்தும் இதில் அடங்கும்.

பி.எட். காலத்தில் வரும் 20 வாரப் பள்ளிப் பயிற்சியே உங்களை ஆசிரியராக்கும். முளைகட்டிய கேழ்வரகைப் பற்றிய பாடம் என்றால், இரண்டு நாள் முன்பே தானியத்தை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்துவைத்து, வகுப்பில் மாணவியர் முன்னிலையில் அவிழ்த்து, வெண்முளையைத் தொட்டுப் பார்க்கச் செய்த பிறகே சத்து மாற்றங்களை விளக்குங்கள். ஒத்திகை பார்க்காத செய்முறையை வகுப்புக்குக் கொண்டுசெல்லாதீர்கள்.

அரசுப் பணிக்கு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுநிலை ஆசிரியர் தேர்வை எழுத வேண்டும். அதன் 150 மதிப்பெண்களில் 110 பாடத்துக்கும், 30 கல்வியியலுக்கும், 10 பொது அறிவுக்கும் உரியவை. கட்டாயத் தமிழ்த் தாளிலும் தேர்ச்சி தேவை.