சுவரோடு சேர்ந்து பாடிய பின்வரிசை

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் கூடத்தில் எங்கள் பள்ளிச் சேர்ந்திசை நிகழ்ச்சி. வகுப்பறையில் ஆதி தாளம் பிசகாத பிள்ளைகள்தான். அங்கே ஒத்திகை பார்த்தால் பின்வரிசை மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

தாளப் பயிற்சியைக் கூட்டினேன், பலனில்லை. பாட்டின் வேகத்தைக் குறைத்தால் பாட்டு தூங்கி வழிந்தது. மிருதங்கத்துக்கு மைக் வைத்ததும் இன்னும் மோசம்.

பிறகு பின்வரிசையிலேயே போய் நின்று கேட்டேன். மிருதங்கத்தின் ஒவ்வொரு ‘தீம்’ ஒலிக்கும் பின்னால் எதிர்ச்சுவரிலிருந்து இன்னொரு ‘தீம்’ வந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஒலியை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 0.06 நொடி. துரித காலத்தில், அதாவது வேகமாகப் பாடும்போது, அது போதும், குழப்பிவிடும். பிள்ளைகள் மிருதங்கத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பின்பற்றியிருக்கிறார்கள்!

மைக்கை எடுத்துவிட்டு, மிருதங்கக்காரரைப் பின்வரிசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். தரையில் ஜமுக்காளம், எதிர்ச்சுவருக்கு முன்னால் கொடி கட்டிக் கனத்த போர்வைகள். போர்வை சுவரை ஒட்டக் கூடாது. ஒரு சாணாவது இடைவெளி இருந்தால்தான் ஒலியை நன்றாக வாங்கும். அன்று மாலையே பின்வரிசை தாளத்தின் முதல் அடியான சமத்தில் சரியாக வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது. வேட்டி, புடவை போன்ற மெல்லிய துணிகள் இதற்கு உதவாது.