ஆட்டு இதயத்தை வைத்து இரத்த ஓட்டம் சொல்லிக்கொடுப்பது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக் கூடத்தில்தான் டியூஷன். மூன்றாம் படிவப் பிள்ளைகள் சிவப்பு அம்பு, நீல அம்பு என்று படத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். "நுரையீரல் தமனியில் ஓடுவது எந்த இரத்தம்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால் வருடா வருடம் சௌக்கிட் பசாரில் ஓர் ஆட்டு இதயம் வாங்குகிறேன்.

வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ஜந்துங் கம்பிங், ஜாங்ஙான் பெலா" (ஆட்டு இதயம், பிளக்காதீர்கள்). பிளக்கவும் கூடாது, மேலே இருக்கும் குழாய்களை நறுக்கவும் கூடாது. முதல் தடவை நான் வாய் திறக்கவில்லை. நாலு கீறல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பாடம் இல்லை, பெரட்டல்தான்.

கத்தியை உடனே எடுக்காதீர்கள். முதலில் அமுக்கிப் பாருங்கள். கெட்டியான பக்கம் இடது, தொளதொளவென்று அமுங்குவது வலது. முன்பக்கம் நம்மைப் பார்த்திருந்தால், ஆட்டின் வலது நம் இடக்கைப் பக்கம் வரும். படத்தில் பெயர் குறிக்கும்போது பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

வலது மேலறைக்குள் சுண்டுவிரலை விடுங்கள். உடம்புக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்ட இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக இங்கே வருகிறது. விரலை இன்னும் இறக்கினால் வால்வு (பள்ளியில் சொல்லும் 'இன்ஜாப்'), அதற்குக் கீழே கீழறை. அங்கிருந்து முன்பக்கமாக மேலேறுவது நுரையீரல் தமனி. இதயத்தை விட்டு வெளியே கொண்டுபோவதால் அது தமனி. ஓடுவதோ ஆக்சிஜன் குறைந்த இரத்தம். அது நீலமும் இல்லை, அடர்சிவப்பு.

நுரையீரலுக்கு ஒரு பையனை அடுப்பு மேடையோரம் நிறுத்திவிடுவேன். கரியமில வாயுவை விட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட இரத்தம் அவனிடமிருந்து நுரையீரல் சிரை வழியாக இடது மேலறைக்குத் திரும்பும். பிறகு இடது கீழறை, பெருந்தமனி, உடம்பு.

இப்போது கத்தி. கீழ்ப்பாதியைக் குறுக்கே வெட்டுங்கள். இடப்பக்கச் சுவர் தடித்த வளையம். வலப்பக்கம் பிறைபோல மெல்லியது. வலது கீழறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரல் வரைக்கும் தள்ளினால் போதும், இடது கீழறையோ கால்விரல் வரை தள்ள வேண்டும். மனிதனுக்கு அழுத்தம் வலது கீழறையில் சுமார் 25, இடது கீழறையில் சுமார் 120 மி.மீ. பாதரசம். தள்ளும் அளவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நடுச்சுவரை விரலால் தடவுங்கள், ஓட்டையே இருக்காது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதைப் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ்தான் மறுத்தார்: இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வர முடியும் என்றார்.

கடைசியாக, சிங்க்கின் மேல் தூக்கிப் பிடித்து, பெருந்தமனிக்குள் மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். உறைந்த இரத்தத்தை முன்பே கழுவியிருக்க வேண்டும். மூன்று சின்னப் பைகள் உப்பிச் சேர்ந்து வழியை மூடிக்கொள்ளும். அடியில் வெட்டிய இடத்தில் சொட்டாது. ஓரத்தில் கொஞ்சம் கசிந்தால் பதறாதீர்கள், இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் குழாய்கள் அந்த வால்வுக்குச் சற்று மேலேதான் தொடங்குகின்றன.

ஆறு பிள்ளைகள் விரல் விட்ட இதயம் குப்பைக்குத்தான். பெரட்டலுக்கு ஆசைப்பட்டால் பசாரிலேயே இன்னொன்று வாங்கிவிடுங்கள்.