தலைவர் வாய்தவறினால்: செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

போன கிழமை, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதிய செய்தியைத் திருத்த எடுத்தேன். 2012இல் நான் விட்ட பிழை அப்படியே அதில் கிடந்தது. எழுத்துப்பிழை, பெயர்ப்பிழைகளை யாராவது பிடித்துவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

துறையை நாடாக்குவது

2012 ஜூன் 8. வெள்ளை மாளிகையில் பராக் ஒபாமா, தனியார் துறை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகையின் செய்தி மேசைக்கு அது இரவில் வந்தது. ஒற்றைப் பத்தித் தலைப்பில் 'தனியார் துறை' அடங்கவில்லை. 'அமெரிக்கப் பொருளாதாரம் நலம்: ஒபாமா' என்று வெட்டினேன்.

அவர் சொல்ல வந்ததே வேறு. முந்தைய 27 மாதங்களில் தனியார் துறையில் 43 இலட்சம் வேலைகள் கூடியிருந்தன. மாநில, உள்ளூர் அரசுகள்தான் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்தன. வேலையின்மை 8.2 வீதமாக இருந்தபோது அப்படிச் சொன்னது அவருக்கு வினையானது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற மிட் ரொம்னி அன்றே பிடித்துக்கொண்டார். ஆனால் ஒபாமா வாய்தவறியது ஒன்று, நான் அச்சிட்டது இன்னொன்று. பொருளாதாரம் நன்றாக இல்லை என்று அன்று பிற்பகலே ஒபாமா தெளிவாகச் சொன்னார். அங்கே பிற்பகல், இங்கே நள்ளிரவு. பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர் ஒருவர், பத்திரிகையைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். தலைப்பின்கீழ் சிவப்புப் பேனைக் கோடு.

"தம்பி, காலமை ரியூசன் பெடியளுக்கு இதை வாசிச்சுக் காட்டிப்போட்டன். பிறகுதான் ரேடியோவிலை கேட்டனான். இப்ப நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. அதனால்தான் ஓர் அமைச்சர் ஏற்றுமதி வளர்கிறது என்றதை 'நாடு வளர்கிறது' என்று யாராவது எழுதினால் கோபம் வருகிறது. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், வினையைச் சுருக்குங்கள். எதைப் பற்றிச் சொன்னாரோ அந்தச் சொல்லில் கைவைக்காதீர்கள்.

பணவீக்கம் குறைந்ததை விலை குறைந்ததாக எழுதுவது

இந்தக் குழப்பம் மேடையிலேயே வரும். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம்; அது குறைந்தாலும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3. அதாவது 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 170 அளவில் போய், பிறகு 172 ஆனது. திருநெல்வேலிச் சந்தையில் கால் கிலோ கால் கிலோவாக மரக்கறி வாங்கும் அம்மாவிடம் விலை இறங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? தலைவர் சொன்னதையும் போடுங்கள், இந்தக் கணக்கையும் கீழே போடுங்கள்.

தலைவரின் பிழையை நாமே திருத்துவது

கூடவே கூடாது. அவர் சொன்னதை அப்படியே போட்டு, சரியானதைக் கீழே தனியாகப் போடுங்கள்.

திகதியை விடுவது

அமெரிக்கப் பொருளாதாரத்தின் அடித்தளம் பலமானது என்று அப்போதைய ஜனாதிபதி வேட்பாளர் ஜோன் மக்கெய்ன் சொன்னது 2008 செப்டெம்பர் 15, லீமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி வங்குரோத்து மனுக் கொடுத்த அதே நாள். திகதியை விட்டால் அந்தப் பேச்சு ஏன் வினையானது என்று வாசகருக்குத் தெரியாது.

விளக்கத்தை ஒளிப்பது

பிழை எந்தப் பக்கமோ, விளக்கமும் அந்தப் பக்கம். எங்கள் திருத்தம் மூன்று நாள் கழித்து உள்பக்க மூலையில் வந்தது. ஆசிரியர் அதைத் தேடி வெட்டியெடுத்து வகுப்பில் வாசித்தாராம்.