டிபிஆர்ஏ சோதனையில் ‘நெகட்டிவ்’ எழுதுவதற்கு முன்

ஒரு வேதிப்பொருள் தோல் ஒவ்வாமையை உண்டாக்குமா என்று பார்க்கும் ஆய்வகங்களில், புதிதாகச் சேருபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது பெரும்பாலும் டிபிஆர்ஏ (நேரடிப் பெப்டைடு வினைத்திறன் சோதனை). விலங்கு வேண்டாம், செல் வளர்ப்பு வேண்டாம். சிஸ்டீன் உள்ள ஒன்று, லைசின் உள்ள ஒன்று என இரண்டு பெப்டைடுகளும் (சிறு புரதத் துண்டுகள்), கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் ஓர் எச்பிஎல்சி கருவியும் இருந்தால் வேலை நடக்கும். பொருள் தோலின் புரதத்தோடு பிணைவதில்தான் ஒவ்வாமை தொடங்குகிறது. பெப்டைடு எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து இந்தச் சோதனை அந்தப் பிணைப்பை அளக்கிறது. சர்வதேச அமைப்பான ஓஇசிடியின் சோதனை வழிகாட்டி 442சி-யில் செய்முறை முழுவதும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு புதிய கையிலும் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. பிப்பெட் அளவுத்திருத்தம், லேபிள் மாறுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழைகளைத்தான் பேச வேண்டும்.

வயலை (சோதனைக் குப்பியை) பார்க்காமல் நெகட்டிவ் கொடுப்பது

பொருளை 100 மில்லிமோலார் அளவில், முடிந்தவரை அசிட்டோநைட்ரைலில் கரைக்கிறோம். மூலக்கூறு எடை 200 என்றால் 3 மி.லி.க்கு 60 மி.கி.; தூய்மை குறைவாக இருந்தால் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். சிஸ்டீன் வயலில் 0.667 மில்லிமோலார் பெப்டைடு கரைசல் 750 மைக்ரோலிட்டர், அசிட்டோநைட்ரைல் 200, பொருளின் கரைசல் 50. லைசின் வயலில் பெப்டைடு 750, பொருள் 250. இப்போது பெப்டைடு இரண்டிலும் 0.5 மில்லிமோலார், பொருளோ சிஸ்டீன் வயலில் 5, லைசின் வயலில் 25 மில்லிமோலார்.

தவறு நுழைவது இந்த இடத்தில்தான். அசிட்டோநைட்ரைலில் தெளிவாக இருந்ததைப் பார்த்து நோட்டில் ‘கரைந்தது’ என்று எழுதியாகிவிட்டது. ஆனால் வயலில் முக்கால் பங்கு நீர் சார்ந்த பஃபர். லாக் கேஓடபிள்யூ (நீரைவிட எண்ணெயில் எவ்வளவு கரையும் என்பதன் அளவு) 4, 5 உள்ள நறுமணப் பொருள் ஒன்று அந்தக் கலவையில் 25 மில்லிமோலார் வரை கரைந்து நிற்பது கடினம். கலந்த சிறிது நேரத்தில் கலங்கும், அல்லது எண்ணெய்ப் படலமாக மேலே மிதக்கும். 24 மணி நேரம், 25 டிகிரி, இருட்டு. யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆட்டோசாம்ப்ளர் ஊசி நடுவிலிருக்கும் தெளிந்த பகுதியை எடுக்கிறது. பெப்டைடு பீக் (எச்பிஎல்சி வரைபடத்தில் பெப்டைடின் முகடு) பொருள் சேர்க்காத கண்ட்ரோலுக்குச் சமமாக வருகிறது. குறைவு 2 விழுக்காடு. அறிக்கையில் ‘நெகட்டிவ்’.

அந்த 2 விழுக்காடு பொருளின் வினைத்திறனைச் சொல்லவில்லை. பொருளின் பெரும்பகுதி பெப்டைடைச் சந்திக்கவே இல்லை என்பதைத்தான் சொல்கிறது. வீழ்படிவோ பிரிந்த அடுக்கோ இருந்தால் பாசிட்டிவ் முடிவை ஏற்கலாம், நெகட்டிவை வைத்து வினைத்திறன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், எந்த ஏற்புவரம்பும் இதைப் பிடிக்காது. அளவீட்டு வளைவின் ஆர்-ஸ்கொயர் 0.99-க்கு மேலே இருக்கும். ரெஃபரன்ஸ் கண்ட்ரோல் 0.50 ± 0.05 மில்லிமோலாரில் நிற்கும். பாசிட்டிவ் கண்ட்ரோலான சின்னமால்டிஹைடு சிஸ்டீனை 60.8 முதல் 100 விழுக்காட்டுக்குள் குறைத்திருக்கும். இவை எல்லாமே கருவியும் பெப்டைடும் சரியாக இருந்தன என்பதற்குச் சாட்சி. உங்கள் வயலுக்குள் நடந்ததற்கு ஒரே சாட்சி கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு. அது இல்லாவிட்டால் தணிக்கைக்கு வருபவராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தப் பிழை டிபிஆர்ஏ-வோடு நிற்பதும் இல்லை. வழிகாட்டி 497-இன் ‘மூன்றில் இரண்டு’ முறையில் டிபிஆர்ஏ, செல்களில் செய்யும் கெராட்டினோசென்ஸ், எச்-கிளாட் ஆகியவற்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு. நீரில் கரையாத அதே பொருள் எச்-கிளாட்டின் செல் வளர்ப்பு ஊடகத்திலும் கரையாது. லாக் கேஓடபிள்யூ 3.5-க்கு மேலுள்ள பொருளுக்கு அங்கே நெகட்டிவ் வந்தால் ஏற்பதில்லை என்ற விதியே இதற்காகத்தான். இரண்டு இடத்திலும் கவனிக்காமல் விட்டால் இரண்டு நெகட்டிவ் ஒத்துப்போய்விடும், மூன்றாவது சோதனை நடக்காது, பொருள் ‘ஒவ்வாமை உண்டாக்காதது’ என்று கோப்பில் ஏறிவிடும். ஒரே காரணத்தால் தோற்ற இரண்டு சோதனைகள் ஒன்றுக்கொன்று ஆதாரம் ஆகா. அதன் பிறகு அந்தப் பொருள் யாருடைய தோலில் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. கலந்ததும் ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஊசி ஏற்றுமுன் ஒருமுறை, கறுப்புப் பின்னணியில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு வயலையும் பாருங்கள். சாய்த்துப் பார்த்தால் மேலே மிதக்கும் எண்ணெய் தெரியும். பழுப்புநிற வயல் கலங்கலை மறைத்துவிடும். தெளிந்த கண்ணாடி வயலை இருட்டில் வையுங்கள். பெப்டைடு இல்லாத பஃபரில் பொருளைக் கலக்கும் கோ-எல்யூஷன் கண்ட்ரோலை முந்தைய நாளே ஒன்று போட்டுப் பார்த்தால் கரையுமா என்பது தெரிந்துவிடும். வீழ்படிவு இருந்தால் 100 முதல் 400 ஜி-யில் மெதுவாகச் சுழற்றி அடியில் இறக்குங்கள். வடிகட்டினால் பெப்டைடும் வடிதாளில் ஒட்டிக்கொள்ளலாம், பிறகு அந்தக் குறைவு யாரால் வந்தது என்று சொல்ல முடியாது.

சிலர் உடனே டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானுக்குப் போய்விடுகிறார்கள். அது கடைசி வழி. 300 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ-வில் கரைத்து 2,700 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் சேர்க்கலாம். ஆனால் டிஎம்எஸ்ஓ சிஸ்டீனை ஆக்சிஜனேற்றும். அதே கரைப்பான் கலவையில் பொருள் சேர்க்காமல் போடும் ரெஃபரன்ஸ் கண்ட்ரோல் சி இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பஃபரில் கரையாத சிக்கலும் அப்படியே இருக்கும். செறிவைக் குறைத்துச் செய்தாலும் பாசிட்டிவ் மட்டுமே பயன்படும். உண்மையிலேயே கரையாத பொருளென்றால் ‘முடிவு கூற இயலாது’ என்று எழுதிவிட்டு, மறுகட்டமைத்த மனித மேல்தோலின் மேல் பொருளை நேரடியாக இடும் எபிசென்ஸ்ஏ போன்ற சோதனைக்குப் போங்கள்.

சிஸ்டீன் தானாகக் குறைவது

காற்றுப்பட்டால் இரண்டு சிஸ்டீன் பெப்டைடுகள் சேர்ந்து இரட்டையாகிவிடும். முதல் ஊசி கலந்த 22 முதல் 26 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எச்பிஎல்சி வரிசை முழுவதும் ஓடும் நேரம் 30 மணிக்குள் இருக்க வேண்டும். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள, பொருள் சேர்க்காத கண்ட்ரோல் பி-யை ஒப்பிடுங்கள். கடைசியில் இறங்கியிருந்தால் நீங்கள் அளந்தது ஆக்சிஜனை. ஒரே நாளில் அதிகப் பொருள்களை ஏற்றும் ஆசைதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பீக்குக்குள் ஒளிந்த பீக்

பொருளும் பெப்டைடும் ஒரே நேரத்தில் வெளிவந்தால் குறைவு மறைந்துபோகும். 220 நானோமீட்டர் அலைநீளத்தோடு நிறுத்தாமல் 258-லும் எடுத்து விகிதத்தைக் கண்ட்ரோலோடு ஒப்பிடுங்கள். லைசின் பெப்டைடோடு மட்டும் ஒன்றாக வெளிவந்தால் சிஸ்டீனை மட்டும் வைத்து 13.89 விழுக்காடு என்ற எல்லையால் முடிவெடுக்கலாம்.

6.38-ஐச் சுவராக நினைப்பது

இரண்டு பெப்டைடுகளின் சராசரிக் குறைவுக்கு எல்லை 6.38 விழுக்காடு. அது 6.2 வந்தால் நெகட்டிவ், 6.5 வந்தால் பாசிட்டிவ் என்று ஒரே ரன்னில் எழுதக் கூடாது. 3 முதல் 10 வரை வந்தால் இரண்டாவது ரன் போடுங்கள். ஒன்றில் குறைவு மைனஸில் வந்தால் அதைப் பூஜ்யமாக்கிய பிறகே சராசரி எடுக்க வேண்டும். அப்படியே கூட்டினால் மற்றதன் உண்மையான குறைவு கரைந்துவிடும்.

உலோக உப்புகள்

டிபிஆர்ஏ-வில் போடாதீர்கள்.

டிஎன்சிபி

டைநைட்ரோகுளோரோபென்சீன். எச்-கிளாட்டின் பாசிட்டிவ் கண்ட்ரோல் இது. மிக வலுவான ஒவ்வாமைப் பொருள். மெல்லிய நைட்ரைல் கையுறையை அசிட்டோனும் அசிட்டோநைட்ரைலும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். துளி பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள்.