பால்டிக் ஒலிப்படத்தில் வாயு மறைத்த அடுக்குகளைப் படிப்பது எப்படி

வட ஐரோப்பாவின் பால்டிக் கடலடியில் எடுத்த ஒலிப்படம் (ஒலியைக் கீழே அனுப்பி, சேற்று அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியால் வரைந்த படம்) கைக்கு வந்ததும், கீழ் அடுக்குகள் எல்லாம் மறைந்து மங்கலாகக் கிடக்கும் பகுதியைப் பலரும் 'டேட்டா இல்லை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மறைப்பு பெரும்பாலும் சேற்றுக்குள் இருக்கும் மீத்தேன் குமிழிகளின் வேலை, எங்கே சேறு தடிமனாகப் படிந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

முதலில் அடுக்குகளின் வரிசை மனதில் இருக்கட்டும். அடியில் பனிப்பாறை விட்டுப்போன கல்லும் களிமண்ணும் கலந்த படிவு, அதன்மேல் பனி உருகி நிறைந்த ஏரியின் வரிவரியான களிமண், அந்த ஏரி சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கடலோடு கலந்தபின் யோல்டியா கடல், மறுபடி நன்னீராகி ஆன்சிலஸ் ஏரி, கடைசியில் உப்புநீர் புகுந்து லிட்டோரினா கடல். மூன்றுமே அந்தந்தக் காலத்துச் சிப்பி, நத்தைகளின் பெயர்கள்தான். உயிர்ப்பொருள் நிறைந்தது மேலே இருக்கும் லிட்டோரினா சேறு, மீத்தேன் அங்கேதான் அதிகம் உருவாகிறது. பால்டிக் கடல்நீரில் உப்பு குறைவு, அதனால் சல்பேட்டும் குறைவு; சல்பேட் இருக்கும்வரை மீத்தேன் சேர்வது கடினம், ஆனால் இங்கே அது சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் மீத்தேன் கடலடிக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். ஜெர்மனியின் எக்கர்ன்ஃபர்டே விரிகுடாவில் சில இடங்களில் ஒரு மீட்டர் கீழேயே குமிழிகள் இருக்கின்றன.

சரி, வாயு இல்லாத ஓரத்திலிருந்து தொடங்குங்கள். லிட்டோரினா சேற்றின் அடிக்கோட்டைப் பிடித்து, மறைப்பு ஆரம்பிக்கும் இடம்வரை கொண்டுபோங்கள், அங்கே சேறு எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். ஒலி போய்த் திரும்ப 10 மில்லி விநாடி என்றால், விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் 7.5 மீட்டர். ஆனால் வாயுவின் மேல்விளிம்புக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது, குமிழிகள் ஒலியின் வேகத்தையே மாற்றிவிடும். மறுபக்க ஓரத்திலும் இதேபோல் அளந்தால், நடுவில் சேறு எவ்வளவு இருக்கலாம் என்று ஓரளவு பிடிபடும். அந்த மேல்விளிம்பும் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆகவே எந்த மாதம் எடுத்த படம் என்று கட்டாயம் எழுதிவையுங்கள்.

அப்புறம் கோர், அதாவது கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்று மாதிரி, எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். குழாய் மேலே வர வர அழுத்தம் குறைந்து, வாயு விரிந்து, சேறு குறுக்கே வெடித்துப் பிளந்து, மூடியைத் திறந்ததும் பிதுங்கி வரும், கூடவே அழுகிய முட்டை நாற்றமும். அந்த நிமிடமே, முனை வெட்டிய சிரிஞ்சில் கொஞ்சம் சேற்றை எடுத்து உப்புக்கரைசல் புட்டியில் போட்டு மூடிவிடுங்கள், தாமதித்தால் மீத்தேன் பறந்துவிடும். கோர் ஊதிப்போனதால் அதன் நீளம் துளைத்த ஆழத்தைவிட அதிகமாகத் தெரியும், அதை அப்படியே ஆழமாக எடுத்துக்கொண்டால் அடுக்குகளின் காலக்கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். விரிசல்களைக் கழித்த பிறகே ஆழம் எழுதுங்கள்.

கடலடியில் குழி தெரிந்தால் உடனே 'வாயு வெளியேறிய இடம்' என்று எழுதிவிடவும் கூடாது. எக்கர்ன்ஃபர்டே குழிகளில் நிலத்தடி நன்னீர் கசிகிறது. குழிக்குள் ஒரு கோர், வெளியே ஒரு கோர் எடுத்து, சேற்றுக்குள் இருக்கும் நீரின் குளோரைடை (உப்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள். குழிக்குள் மட்டும் ஆழம் போகப் போகச் சட்டென்று குறைந்தால், அடியிலிருந்து நன்னீர் ஏறிவருகிறது.